மேடையில் கிதார் "கொசு" போல இரைகிறதா? புதுப் பெட்டி வாங்கும் முன் கவனியுங்கள்

எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறவர்களிடம் இப்போது "ஆம்ப் மாடலர்" என்ற சிறிய டிஜிட்டல் பெட்டி புழங்குகிறது. பெரிய ஆம்பிளிபயர்கள் எழுப்பும் நாதத்தை இந்தப் பெட்டியே கணக்குப் போட்டு உண்டாக்கித் தருகிறது.

மும்பை சால்களிலும், பெங்களூர் வாடகை அறைகளிலும் நாலைந்து பேராகத் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இது பெரிய வசதி. இரவு ஷிப்டு முடித்தவர் பக்கத்தில் தூங்கினாலும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். மின்சார ரெயிலில் கையோடு எடுத்துப் போகலாம்.

ஆனால் கோவில் விழா மெல்லிசையோ, கல்யாண வரவேற்போ, மாதா கோவில் பாடல் குழுவோ, மேடை என்று வந்ததும் பலர் ஒரு குறை சொல்கிறார்கள். "அறையில் தேனாக இனித்தது. மேடையில் கொசு இரைகிற மாதிரி ஆகிவிட்டது" என்கிறார்கள். உடனே பெட்டி மட்டம் என்று முடிவு கட்டி, விலை கூடிய இன்னொரு பெட்டிக்குச் சீட்டுப் பணத்தை எடுக்கிறார்கள்.

பெரும்பாலும் அது வீண் செலவு. குறை பெட்டியில் இல்லை. அதை அமைத்த விதத்தில் இருக்கிறது.

வால்வு தந்த அழகு

பழைய வால்வு ஆம்பிளிபயரை அளவுக்கு மேல் முடுக்கினால், சத்தம் லேசாகச் சிதறும். மற்ற இடத்தில் அது குறை. கிதாரில் அதுவே அழகாகிவிட்டது. அமெரிக்காவின் பெண்டர் "பாஸ்மேன்" இதற்குப் பேர் போனது. அதை மாதிரியாக வைத்துத்தான் 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் முதல் மார்ஷல் ஆம்பிளிபயர் உருவானது.

இந்தக் குணங்களை டிஜிட்டல் கணக்காக மாற்றி, 1996-ல் லைன் 6 என்ற அமெரிக்கக் கம்பெனி "ஆக்சிஸ் 212" ஆம்பிளிபயரை வெளியிட்டது. 1998-ல் "பாட்" என்ற சிவப்பு நிறச் சிறு பெட்டி வந்தது. இன்று அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருள்கூடக் கிடைக்கிறது.

சிவப்பு விளக்கு எரியக்கூடாது

முதலில் பெட்டிக்குள் நுழையும் அளவைப் பார்க்க வேண்டும். வால்வு சிதறினால் இனிமை. டிஜிட்டல் உள்ளீடு நிரம்பி வழிந்தால் கரகரப்புத்தான்.

கிதாரின் வால்யூமை முழுதும் திறந்து, கம்பிகளைப் பலமாக மீட்டுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளீட்டு அளவைக் குறையுங்கள். "ஹம்பக்கர்" பிக்கப் உள்ள கிதார்கள் பொதுவாகக் கூடுதல் பலத்துடன் அனுப்பும். ஒருவர் கிதாருக்கு வைத்த அளவு இன்னொருவர் கிதாருக்குப் பொருந்தாது.

ஸ்பீக்கர்தான் முக்கியம்

கிதாருக்கென்று செய்த 12 அங்குல ஸ்பீக்கர், வினாடிக்குச் சுமார் 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட கீச்சுச் சத்தத்தைப் பெரும்பாலும் வெளியே விடாது. ஒரு வடிகட்டி போல வேலை செய்கிறது. அந்த வடிகட்டி இல்லாமல், சிதறிய ஒலியை நேராக மிக்சருக்கு அனுப்பினால் கொசு இரையத்தான் செய்யும்.

மாடலரில் "கேபினட்" என்று இருப்பது இந்த ஸ்பீக்கரின் நகல். மிக்சருக்கோ, ஹெட்போனுக்கோ போகும்போது அது கட்டாயம் இயங்க வேண்டும். கிதார் ஆம்பிளிபயருக்குள் கொடுக்கும்போது அதை நிறுத்திவிட வேண்டும். அங்கே நிஜ ஸ்பீக்கர் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி ஒலி மங்கிவிடும்.

ஆம்பிளிபயர் மாதிரிகளை மணிக்கணக்காக மாற்றிப் பார்ப்பவர்கள், கேபினட்டைத் தொடுவதே இல்லை. ஆனால் அதை மாற்றினால்தான் நாதம் அதிகம் மாறும். நகல் மைக்கை ஸ்பீக்கரின் நடுவில் வைத்தால் ஒலி கூர்மையாகும். ஓரத்துக்குத் தள்ளினால் மென்மையாகும்.

காது செய்யும் மாயம்

அறையில் இனித்தது மேடையில் கெடுவதற்குக் காதும் ஒரு காரணம். 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் இருவரும் இதை அளந்து வெளியிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது, கட்டை ஒலியும் கீச்சு ஒலியும் நம் காதுக்குக் குறைவாகவே எட்டுகின்றன.

அதனால் இரவில் மெதுவாக வைத்து வாசிப்பவர் "பாஸ்", "டிரெபிள்" இரண்டையும் ஏற்றுகிறார். "மிட்" குமிழைக் குறைத்துவிடுகிறார். மேடையில் சத்தம் கூடியதும், ஏற்றிய இரண்டும் பூதாகாரமாகக் கிளம்புகின்றன. கட்டை ஒலி பாஸ் கிதாரோடும் டிரம்மோடும் மோதுகிறது. கீச்சு ஒலி காதைக் கிழிக்கிறது. நடுவில் கிதார் காணாமல் போகிறது.

ரெயில் நிலைய ஒலிபெருக்கியைக் கவனியுங்கள். அதில் கட்டை ஒலி கிடையாது. ஆனாலும் இரைச்சலுக்கு நடுவே அறிவிப்பு காதில் விழுகிறது. நடு ஒலிதான் அதைச் சுமந்து வருகிறது. கூட்டத்தில் கிதாருக்கும் அதுவே இடம்.

ஆகவே மேடைக்கு "மிட்" சற்று ஏறட்டும். "லோ கட்" 80 முதல் 100 ஹெர்ட்சுக்குள்ளும், "ஹை கட்" 6,000 முதல் 8,000 ஹெர்ட்சுக்குள்ளும் வைத்துப் பார்க்கலாம். கிதாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்சில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருப்பது பெரும்பாலும் உறுமல்தான்.

குறைத்தால் கூடும்

"கெயின்" அறையில் வைத்ததைவிடக் குறையட்டும். தனியாக வாசிக்கையில் சப்பென்று தோன்றினாலும், குழுவோடு சேரும்போது ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கும். எதிரொலியும் அப்படியே. மண்டபமே போதிய எதிரொலி தரும். கம்பெனி அமைத்துத் தரும் "பிரீசெட்"களில் இந்த இரண்டும் பெரும்பாலும் தாராளமாக இருக்கும். கடையில் வாங்குபவரை மயக்க அது உதவும். மேடைக்கு உதவாது.

மிக்சரில் ஒரே வயர்தான் போகிறது என்றால், பெட்டியின் "மோனோ" வாயிலில் செருகுங்கள். மிக்சரில் அது "லைன்" உள்ளீடாக இருக்க வேண்டும். மைக் உள்ளீட்டில் செருகினால் ஒலி உடைய வாய்ப்பு உண்டு.

இவ்வளவுக்கும் செலவு எதுவும் இல்லை. நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னதாகப் போய், குழு முழுவதும் வாசிக்கும்போது, மேடைச் சத்தத்திலேயே குமிழ்களைத் திருத்துங்கள். அதைத் தனிப் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். அறைக்கு ஓர் அமைப்பு, மேடைக்கு ஓர் அமைப்பு என்று இரண்டு இருக்கட்டும்.

அப்படியும் நாதம் சரிப்படாவிட்டால் புதுப் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். சரிப்பட்டால், சீட்டுப் பணம் ஊரில் வேறு நல்ல காரியத்துக்கு ஆகும்.