கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறுதல்

கணினியின் வன்பொருளையும் அதில் ஓடும் செயலிகளையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் ஆகும். எவரும் பயன்படுத்தவும், மூல நிரலைப் படித்து மாற்றவும், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை அளிப்பது கட்டற்ற இயங்குதளம் எனப்படும். லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவை இத்தகையவை.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு அதை உருவாக்கியது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் அதைத் திறந்தே பார்க்காதவர்கள் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-ஐப் பழைய கணினிகள் பல ஏற்பதில்லை. எனவே வீட்டில் கிடக்கும் மடிக்கணினிக்கு லினக்ஸ் நல்ல வழி. புதியவர்களுக்கு மின்ட் எளிது. அதில் ‘எக்ஸ்எஃப்சிஇ’ பதிப்பு பழைய கணினிக்கு ஏற்றது. குறைந்தது 2 ஜிபி நினைவகம் தேவை. 4 ஜிபி இருந்தால் நலம்.

பதிவிறக்க வேண்டிய கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி அளவுடையது. கல்வராயன் மலையில் இணைய இணைப்பு சரியாகக் கிடைக்காத ஊரில் இருப்பவர், கள்ளக்குறிச்சிக்கு வரும்போது அதை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் போன்ற கருவியால் எழுதிக்கொள்ளலாம். (பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.) அந்த ஒரே பென்டிரைவைக் கொண்டு வெள்ளிமலையில் ஒரு விடுதியின் கணினிகள் அனைத்திலும் நிறுவலாம். உரிமம் அதைத் தடுப்பதில்லை. இது திருட்டுப் படியும் அன்று.

நிறுவும் முன் சோதித்துப் பார்ப்பது அவசியம். கணினியை இயக்கியவுடன் லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9 விசையை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தால், வன்தட்டைத் தொடாமலே மின்ட் திறக்கும். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை வேலை செய்கின்றனவா என்று அப்போதே பார்க்க வேண்டும். இந்த நிலையில் கணினி சற்று மெதுவாக இருப்பது இயல்பு.

தொடக்கநிலையாளர் செய்யும் பெரிய தவறு, கோப்புகளை வேறிடத்தில் படியெடுக்காமல் நிறுவத் தொடங்குவதே. ‘வட்டை அழித்து நிறுவு’ என்பதைத் தேர்ந்தால் சான்றிதழ் நகல், படங்கள், பாடக்குறிப்புகள் எல்லாம் போய்விடும். விண்டோஸும் வேண்டுமெனில் ‘விண்டோஸுடன் சேர்த்து நிறுவு’ என்பதைத் தேர வேண்டும். அதற்கும் முன்படி தேவை. நிறுவும்போது மின்தடை ஏற்பட்டால் வேலை பாதியில் நிற்கும். பேட்டரி தேய்ந்த மடிக்கணினியில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

லிபர்ஆபீஸும் பயர்பாக்ஸும் மின்டுடனேயே வருகின்றன. கடிதமும் கணக்கும் எழுத இணையம் தேவையில்லை. ஆனால் தமிழ்99 விசைப்பலகைக்கு ‘ஐபஸ்’ கருவியையும் ‘எம்17என்’ தொகுப்பையும் சேர்க்க வேண்டியிருக்கும். இணையம் கிடைக்கும் இடத்திலேயே அதை முடித்துவிடுவது நல்லது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்துவிடக் கூடாது. எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஐயம் எழுந்தால் தமிழிலேயே உதவி கிடைக்கிறது. ‘கணியம்’ மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதிவருகிறது. அண்டை மாவட்டத்தில் விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது.