குளியலும் கிழட்டு விரலும்

ஞாயித்துக்கிழமை பம்புசெட் தொட்டியில இறங்கி மணிக்கணக்கா ஆட்டம் போட்டிருப்பீங்க. "போதும், ஏறி வாடா!"ன்னு அம்மா கத்தி, ஒருவழியா வெளியே வந்து விரலைப் பார்த்தா, நுனியெல்லாம் சுருங்கி பாட்டி விரல் மாதிரி இருக்கும். ஏன் அப்படி ஆகுது, யோசிச்சதுண்டா நேயர்களே?

தோல் தண்ணியில ஊறி உப்பிப் போச்சுன்னுதானே நினைக்கிறோம்? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். ஆனா இது நரம்பு பார்க்கிற வேலை! தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் இருந்ததும், விரல் நுனியில இருக்கிற ரத்தக் குழாய்களை நரம்பு சுருங்க வைக்குது. உள்ளே சதை லேசா இறங்குது, மேல்தோல் மடிப்பு மடிப்பா விழுது. விரலுக்குப் போற நரம்பு அறுபட்டவங்களுக்கு, எவ்வளவு நேரம் ஊறினாலும் அந்த விரல் சரியா சுருங்காது. நரம்பு வேலை செய்யுதான்னு மருத்துவர்கள் இதை வச்சே சோதிச்சதும் உண்டு.

சரி, சுருங்கி என்ன லாபம்? 2013-ல இங்கிலாந்து நியூகாசில் பல்கலைக்கழகத்துல, தண்ணிக்குள்ள கிடந்த கோலிக்குண்டுகளை எடுத்து வேற டப்பாவுக்கு மாத்தச் சொன்னாங்க. சுருங்கின விரலோட செஞ்சப்பதான் வேலை வேகமா முடிஞ்சது. மழையில வழுக்காம இருக்க வண்டி டயர்ல கோடு கோடா வெட்டியிருக்கே, அது மாதிரி ஒரு பிடிமானம்னு சொன்னாங்க. பின்னாடி வந்த ஒரு ஆய்வுல அந்த வித்தியாசம் தெரியலைங்கிறது வேற கதை!

சந்தேகம் இருந்தா நீங்களே வாளியில கோலிக்குண்டைப் போட்டுப் பாருங்க. அம்மா கத்தினா நாங்க பொறுப்பில்லை.