பிரேசர் டவுனில் ஒரு மேசை தேவை



ஊரைவிட்டுப் பெங்களூருக்கு வந்த நம் பிள்ளைகளில் பலர் இன்று அலுவலகத்துக்குப் போகாமலேயே அலுவலக வேலை பார்க்கிறார்கள். "பிள்ளை வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறான்" என்று ஊரிலுள்ள பெற்றோர் மகிழ்கிறார்கள். அந்த வீடு எப்படிப்பட்டது என்பதை அவர்கள் அறிவதில்லை.

பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், சிவாஜி நகர்ப் பக்கங்களில் நம் குடும்பங்கள் வாழும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு கூடம், ஒரு சமையலறை. கணவனும் மனைவியும் வேலை பார்க்கிறார்கள். மேசை ஒன்றுதான் உண்டு. பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பியதும் முதலில் கேட்கும் வார்த்தை, "சத்தம் போடாதே" என்பதே. பிஜி விடுதியில் இருக்கும் வாலிபனுக்கோ அந்த ஒரு மேசையும் கிடையாது. மூன்று கட்டில்கள் போட்ட அறையில் தன் கட்டிலின்மேல் சம்மணமிட்டு, மடியில் கணினியை வைத்து எட்டு மணி நேரம் உழைக்கிறான். முதுகு வலிக்கிறது. மேலதிகாரியோடு பேசும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் தொலைபேசியில் சிரிக்கிறான். வேலையை இழப்பதற்குத் திறமைக் குறைவுதான் காரணமாக வேண்டும் என்பதில்லை. இடக் குறைவும் காரணமாகிவிடுகிறது.

இந்த நிலை வந்த விதம்

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, அலுவலகங்கள் ஒரே நாளில் வீடுகளுக்குள் நுழைந்தன. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை, கால் சென்டர் போன்ற நிறுவனங்களுக்கு இருந்த விதிகளைத் தளர்த்திற்று. ஊழியர்கள் வீட்டிலிருந்தும், இந்தியாவின் வேறெந்த இடத்திலிருந்தும் பணிபுரிய வழி திறந்தது. பின்னர் நிறுவனங்கள் தங்கள் ஊழியரைப் படிப்படியாகத் திரும்ப அழைத்தன. ஆனாலும் முழுமையாக அழைத்துவிடவில்லை. சான்றாக, இன்போசிஸ் நிறுவனம் 2025 மார்ச் முதல் தன் ஊழியரில் பெரும்பகுதியினர் மாதத்தில் பத்து நாட்களாவது அலுவலகம் வரவேண்டும் என்றது. அப்படியானால் மற்ற வேலை நாட்களுக்கு மேசை எங்கே?

பிரேசர் டவுனின் கதையே இடநெருக்கடியில் தொடங்கியது என்பதை நினைவுகூர்வது நல்லது. 1898இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. கன்டோன்மென்ட் பகுதியின் நெரிசலான தெருக்களில் நோய் விரைந்து பரவியதால், காற்றும் வெளிச்சமும் புகும்படியான புதிய குடியிருப்புகள் வேண்டும் என்று உணர்ந்தார்கள். அப்படித் திட்டமிட்டு, 1910ஐ ஒட்டி உருவானதே பிரேசர் டவுன். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசானாயிருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. புலகேசி நகர் என்பது அதன் இன்றைய அதிகாரபூர்வப் பெயர். நெரிசலுக்கு மருந்தாக எழுந்த ஊரில் மறுபடியும் ஒரு நெரிசல். இம்முறை அது வீட்டுக்குள் இருக்கிறது.

முதலில் வேலையைப் பிரியுங்கள்

"நல்ல இடம் எது?" என்று கேட்கும் வாலிபர் பலர் அழகான காபிக் கடையைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். இன்றைய வேலை எத்தகையது? உங்கள் நாளில் மூன்று விதமான வேலைகள் இருக்கும். பிறரோடு பேச வேண்டிய வேலை ஒன்று. மனதை ஒருமுகப்படுத்திச் செய்ய வேண்டிய வேலை மற்றொன்று. மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, கணக்குகளைச் சரிபார்ப்பது போன்ற இலகுவான வேலை மூன்றாவது. இவை மூன்றுக்கும் ஒரே இடம் பொருந்தாது.

மனதை ஒருமுகப்படுத்தும் வேலைக்கு நூலகத்தை நாடுங்கள். கப்பன் பூங்காவிலுள்ள மாநில மத்திய நூலகம் பிரேசர் டவுனிலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை. திவான் சேஷாத்ரி ஐயரின் நினைவாக எழுப்பப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தைச் சுற்றி மரங்களின் நிழல் உண்டு. கர்நாடகத்தில் 1965ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. நீங்கள் கொடுக்கும் வாடகையிலும் அதன் ஒரு பங்கு அடங்கியிருக்கலாம். ஆகவே கூச்சமின்றிச் செல்லுங்கள். ஆனால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களால் நூலகங்களின் வாசிப்பறைகள் காலையிலேயே நிறைந்துவிடும். அங்கே தொலைபேசியில் பேசலாகாது. மின் இணைப்பு கிடைக்கும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். வீட்டிலேயே கணினிக்கு முழுமையாக மின்னேற்றிக்கொண்டு, இணையம் தேவைப்படாத வேலையை எடுத்துச் செல்லுங்கள்.

இலகுவான வேலைக்குக் காபிக் கடை போதும். காபியையும் இணையத்தையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் எண்ணம் இந்த நகருக்குப் புதிதன்று. 1996இல் கஃபே காபி டே தன் முதல் கடையைப் பிரிகேட் ரோட்டில் திறந்தபோது, இணையம்தான் அதன் கவர்ச்சியாயிருந்தது. ஆனால் எல்லாக் கடையும் உட்கார்ந்து வேலை செய்வதற்கானதல்ல. நின்றபடியே சாப்பிட்டுவிட்டு நகரும் தர்ஷினிகளில் கணினிக்கு இடமேது? மாஸ்க் ரோட்டில் 1902 முதல் இருந்துவரும் ஆல்பர்ட் பேக்கரியில் பண்டங்களை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதே முறை. ரமலான் மாதத்து மாலைகளில் அந்தச் சாலை முழுவதும் உணவு வாங்க வருவோரால் நிறைந்துவிடும்; அம்மாதத்தில் காலை வேளையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேச வேண்டிய வேலைக்குக் கதவு உள்ள அறை வேண்டும். வாடகை மேசை தரும் கோவொர்க்கிங் நிலையங்கள் எம்.ஜி. ரோடு, ரெசிடென்சி ரோடு, இந்திரா நகர் ஆகிய பகுதிகளில் பல உண்டு. பல நிலையங்களில் நாள் கட்டணம் செலுத்தியும் அமரலாம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். பேசுவதற்கான சிறு அறை அக்கட்டணத்தில் அடங்குமா, தனியாகச் செலுத்த வேண்டுமா என்பதை முன்னரே கேளுங்கள்.

கடிகாரத்தையும் கணக்கில் சேருங்கள்

லண்டனில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் பிற்பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அமெரிக்க நிறுவனத்தோடு பேசுகிறவர்களுக்கு இதன் பொருள் என்ன? அவர்கள் பேசும் நேரத்தில் சில நூலகங்கள் மூடியிருக்கலாம். காபிக் கடைகளில் இரைச்சல் உச்சத்தில் இருக்கும். ஆகவே அவர்களுக்குக் காபிக் கடை உதவாது. பகல் வேலையை வெளியே முடித்துவிட்டு, இரவுப் பேச்சுக்கு வீட்டின் ஒரு மூலையை ஒதுக்குவதே நலம். எந்த நாளில் யாருக்கு எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை அந்த மூலை வேண்டும் என்பதை ஞாயிறு மாலையே கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மனைவியின் வேலையும் வேலைதான். மிஞ்சிய நேரத்தை மட்டும் அவளுக்குக் கொடுப்பது நியாயமன்று. பிள்ளைக்கும் அந்தத் தாளில் ஓர் இடம் இருக்கட்டும். சத்தமாய் விளையாடலாம் என்று எழுதப்பட்ட ஒரு மணி நேரம் அவனுக்கும் வேண்டும்.

அமருமுன் பாருங்கள்

புதிய இடத்தில் வேலை செய்யத் தொடங்குமுன் ஒருமுறை வெறுங்கையோடு போய்ப் பாருங்கள். மின் இணைப்பு மேசைக்கு அருகில் உண்டா? நாற்காலிக்கு முதுகு உண்டா? கழிப்பறை சுத்தமாயிருக்கிறதா? இது பெண்களுக்கு மிக முக்கியம். இரவில் திரும்பும் வழியில் வெளிச்சமும் ஆட்டோவும் உண்டா? இணையத்தின் வேகத்தை நீங்கள் வேலை செய்யப்போகும் அதே நேரத்தில் சோதியுங்கள். பதிவிறக்க வேகத்தை மட்டும் பாராமல், பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள். உங்கள் முகமும் குரலும் மறுமுனைக்குப் போவது அதன் வழியாகத்தான். ஒரு வீடியோ கூட்டத்துக்கு நான்கு எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் போதும். மாற்று வழியாகக் கைபேசியின் டேட்டாவை வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் ஒரு மணி நேரம் பேசினால் ஏறத்தாழ ஒரு ஜிபி செலவாகும்.

செலவையும் எண்ணுங்கள். நாளொன்றுக்கு 200 ரூபாய் வீதம் இரண்டு முறை காபிக் கடையில் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். 22 வேலை நாட்களில் 8,800 ரூபாய்! ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமல்லவா அது? அதே தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு மடக்கு மேசை ஒன்றும், முதுகைத் தாங்கும் நாற்காலி ஒன்றும், மின்சாரம் போனாலும் ரூட்டர் அணையாதிருக்கச் சிறிய யுபிஎஸ் ஒன்றும் வாங்கிவிடலாம். அதேசமயம், ஒரே காபியை வாங்கிவைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் மேசையை அடைத்துக்கொள்வது கடைக்காரருக்குச் செய்யும் அநீதி. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஏதேனும் வாங்குங்கள். பகல் உணவு நேரத்தில் எழுந்து இடம்கொடுங்கள்.

பாதுகாப்பிலும் கவனம் தேவை. பொது இடத்தில் வேலை செய்ய உங்கள் நிறுவனம் அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனம் தந்த விபிஎன் இன்றிப் பொது வைஃபையில் அலுவல் பக்கங்களைத் திறக்காதீர்கள். சுவருக்கு முதுகைக் காட்டி அமர்ந்தால் திரையைப் பிறர் பாரார். வாடிக்கையாளரின் பெயரையும் கணக்கு எண்ணையும் உரக்கச் சொல்லாதீர்கள்.

பூட்டிய கூடங்கள்

இதுவரை சொன்னவை நீங்கள் தனியே செய்யக்கூடியவை. சபையாக நாம் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. நம் ஆராதனைக் கூடங்களைப் பாருங்கள். மின்விசிறி உண்டு, நாற்காலி உண்டு, பல இடங்களில் இன்வெர்ட்டரும் கழிப்பறையும் உண்டு. ஞாயிறு ஆராதனை, ஒரு நாள் உபவாச ஜெபம், ஒரு மாலை வேதபாடம் ஆகியவை நீங்கலாக வாரத்தின் பகல்களில் அவை பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. அதே தெருவில் நம் வாலிபன் கட்டிலின்மேல் முதுகை வளைத்துக்கொண்டிருக்கிறான்.

வேதத்தை அறிந்தவர்களுக்கு இது புதிய காட்சியன்று. கிலவுதியு ராயனின் கட்டளையால் ரோமாபுரியைவிட்டு வெளியேறிய ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவில் புலம்பெயர்ந்தோராகவே வாழ்ந்தார்கள். அவர்கள் வீட்டில் பவுல் தங்கி, அவர்களோடு கூடாரத் தொழில் செய்தார். பின்பு எபேசுவில் பவுலுக்கு இடம் தேவைப்பட்டபோது கிடைத்தது, திறன்னு என்பவனுடைய வித்தியாசாலை. ஏறக்குறைய பகல் பதினொன்று முதல் மாலை நான்கு வரை பவுல் அங்கே பேசினார் என்று சில பழைய கையெழுத்துப் பிரதிகள் சேர்த்துச் சொல்கின்றன. வெயிலின் காரணமாக ஊர் ஓய்ந்திருக்கும் வேளை அது. பிறர் பயன்படுத்தாத நேரத்தில் ஒரு கூடம் அன்று சபைக்குத் திறந்தது. அப்படியே இரண்டு ஆண்டுகள் நடந்தது. இன்று கூடம் நம்மிடம் இருக்கிறது. திறப்பது நம் முறையல்லவா?

எளிமையாகத் தொடங்கலாம். வாரத்தில் இரண்டு பகல்கள், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை போதும். ஆறு மேசைகள், தகுதியுள்ள மின்பணியாளர் பொருத்திய மின் இணைப்புகள், ஒரு பிராட்பேண்ட் இணைப்பு, வருவோர் கையெழுத்திட ஓர் ஏடு. பொறுப்புள்ள மூத்தவர் இருவர் முறைவைத்து அமரட்டும். பெண்கள் வரும் நாளில் அவர்களில் ஒருவர் பெண்ணாயிருக்கட்டும். தொலைபேசியில் பேசுவதற்குப் பின்னறையை ஒதுக்குங்கள். கூடம் வாடகைக் கட்டடமானால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். கட்டணம் வாங்காதீர்கள், அந்த மேசைகளின் பக்கத்தில் காணிக்கைப் பெட்டியையும் வைக்காதீர்கள். அயலார் பிள்ளை ஒருவன் கேட்டு வந்தால் அவனுக்கும் நாற்காலி கொடுங்கள். வேலை செய்ய வந்தவனை வேலை செய்ய விடுங்கள். அவன் கேளாத பிரசங்கம் அந்நேரத்தில் வேண்டாம்.

பிரியமான வாசகரே, இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் சபையின் வாலிபர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, நீ எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறாய்?" "கட்டிலில்" என்று பதில் வந்தால், கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அடுத்துக் கேளுங்கள். கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.