வண்டி நின்ற இடம்

பயணம் போகும் நாளென்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். வழியில் மலசலகூடம் எங்கே கிடைக்கும் என்று தெரியாது. ஆண்கள் மரத்தடியில் இறங்கி ஏறுவார்கள். நாம் அடக்கிக்கொண்டிருப்போம். வண்டி பழுதாகி நின்றுவிட்டால் உதவி தேடிப் போவது ஆண்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு காத்திருப்பது பெண்கள்.

சென்ற பாடசாலை விடுமுறையில் நாங்கள் ஒன்பது பேர் வாடகை வேனொன்றில் பாசிக்குடாவுக்குப் போய்த் திரும்பினோம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர்தான். காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம் எல்லாம் தாண்டி, மஃரிபுக்குச் சற்று முன் பெல்ட் அறுந்தது. டிரைவர் தம்பி வேனை ஓரங்கட்டினார். பெல்ட் இல்லாவிட்டால் இஞ்சினைக் குளிராக்கும் தண்ணீர் ஓடாது, மேலும் ஓட்டினால் இஞ்சினே போய்விடும் என்றார். சூடு ஆறும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்று பிள்ளைகளையும் தள்ளி நிறுத்தினார். (இதெல்லாம் நாமும் தெரிந்து வைத்திருக்க வேண்டியவைதான்.) என் கணவர் ஓட்டோவொன்றை மறித்து, பெல்ட் வாங்கக் களுவாஞ்சிக்குடிக்குப் போனார்.

மாமி மட்டும் இறங்கவில்லை. "இங்க நிப்பாட்டாதீங்க தம்பி. கொஞ்சம் தள்ளிக்கொண்டாவது போங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது குருக்கள்மடம்.

1990 ஜூலையில் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் அங்கே விடுதலைப் புலிகளால் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹஜ் முடித்து வந்தவர்களும் வியாபாரிகளும் அவர்களில் இருந்தார்கள். மாமியின் தம்பியும் ஒருவர். காத்தான்குடி மாமியின் தாய்வீடு. அந்த வீதியால் எத்தனையோ தடவை என்னோடு வந்திருக்கிறார். அந்த இடம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் ஓதிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றுதான் வாய் திறந்தார். ஜனாஸா கிடைக்கவில்லை. இத்தா என்றால் நான்கு மாதமும் பத்து நாளும். அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று மதினிக்கு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்களாம். அவரோ வாசற்கதவைப் பூட்டாமல் பல மாதம் காத்திருந்தாராம். சமூகவியல் படிப்பில் 'தெளிவற்ற இழப்பு' என்று ஒரு பாடம் படித்தோம். பூட்டாத அந்தக் கதவு பற்றி அதில் இருக்கவில்லை.

மகளுக்கு அவசரமாகிவிட்டது. பக்கத்து வீட்டு வாசலில் நின்று கேட்டேன். ஒரு தமிழ் அக்கா மலசலகூடத்தைக் காட்டினார். பிறகு எல்லோருக்கும் தேநீர் ஊற்றி வேனடிக்கே கொண்டுவந்தார். மாமி வாங்கிக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை. பெல்ட் வந்து வேன் புறப்பட இரண்டு மணித்தியாலம் சென்றது.

வீதியில் அகப்பட்டுக்கொள்ளும் பெண்கள் சில இலக்கங்களை மனதில் வைத்திருப்பது நல்லது. பொலிஸ் அவசர உதவிக்கு 119. பெண்களுக்கான உதவிச் சேவைக்கு 1938. இலவச அம்புலன்ஸ் சேவையான சுவசெரியவுக்கு 1990. இந்தக் கடைசி இலக்கத்தை யார் தெரிவு செய்தார்களோ! எங்கள் பகுதிப் பெண்களுக்கு அது மறக்காது.

அடுத்த மாதம் எங்கள் மகளிர் சங்கக் கூட்டத்தில், எந்த வீதியில் எந்த இடத்தில் உங்களுக்கு நெஞ்சு அடைக்கும் என்று கேட்டேன். முதலில் பேசியவர் வீரமுனைச் சகோதரி ஒருவர். 1990 ஆகஸ்டில் வீரமுனைப் பிள்ளையார் கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் ஊர்காவல் படையினரால் கொல்லப்பட்டார்கள். சம்மாந்துறை வழியாகப் போகும் பஸ்ஸில் இன்றும் ஜன்னலோரம் இருப்பதில்லை என்றார் அவர். என் பக்கத்திலிருந்த சம்மாந்துறை ராத்தா தலையைக் குனிந்துகொண்டார். சற்று நேரம் கூட்டம் ஓடவில்லை.

இப்போது கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை எந்தெந்தப் பஸ் தரிப்பிடத்தில் மலசலகூடம் இருக்கிறது, எது பூட்டிக் கிடக்கிறது, எங்கே இரவில் விளக்கு எரிவதில்லை என்று இரு சமூகப் பெண்களும் சேர்ந்து எழுதி வருகிறார்கள். முடிந்ததும் பிரதேச சபைகளுக்குக் கொடுப்பதாக இருக்கிறோம். ஊர்களைப் பங்கிட்டாயிற்று. குருக்கள்மடத்துக்கு யார் போவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.