உங்களுக்குத் தெரியுமா? ஆழ்கடல் எண்ணெய்க் கசிவு தீப்பிடிக்குமா?

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இரண்டு நாள் எரிந்த மேடை கடலில் மூழ்கியது. ஆனால் சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் கிணற்றிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் 87 நாள் பீறிட்டுக்கொண்டே இருந்தன. அங்கே ஏன் தீப்பற்றவில்லை?

எரிபொருள் ஏராளம், ஆக்சிஜன்தான் இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருப்பது சில மில்லிகிராம் மட்டுமே. மீன் மூச்சுவிட அது போதும், தீ எரியப் போதாது. போதாக்குறைக்கு, சுற்றியுள்ள நீர் வெப்பத்தை உடனுக்குடன் உறிஞ்சிவிடும். உண்மையில் நடந்தது நேரெதிர்! கசிவை மூட இறக்கிய ராட்சத எஃகுக் கூண்டுக்குள், மீத்தேனும் குளிர்ந்த நீரும் சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்து மேல்வாயை அடைத்துவிட்டன.

2021 ஜூலையில் அதே வளைகுடாவில் கடலே எரிவதுபோல் வந்த காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். 78 மீட்டர் ஆழத்துக் குழாயில் கசிந்த எரிவாயு மேலே குமிழிட்டு வந்து, காற்றைத் தொட்ட இடத்தில் பற்றிக்கொண்டது.

நீருக்குள்ளேயே எரியும் தீப்பந்தமும் உண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முந்தைய தீப ஓட்டத்தின்போது ‘கிரேட் பேரியர் ரீஃப்’ பவளத்திட்டில் கடலுக்குள் கொண்டுசென்ற பந்தத்தின் கலவையிலேயே ஆக்சிஜன் தரும் வேதிப்பொருளும் சேர்ந்திருந்தது.