மாட்டு வண்டிக்கு எட்டு, பாட்டிக்கு எத்தனை?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், குழந்தை குட்டிகளோடு காரில் புறப்பட்டு விடுகிறீர்கள் அல்லவா? அம்பாசமுத்திரம் வழியாகப் போகிறவர்களுக்கு ஆழ்வார்குறிச்சி, பொட்டல்புதூரைத் தாண்டினால் கடையம் வரும். செல்லம்மா பாரதியின் பிறந்த ஊர்; பாரதியாரும் 1918 முடிவிலிருந்து 1920 வரை அங்கே குடியிருந்தார். காரில் போகிறவர்களுக்கோ அது இரண்டு நிமிஷ ஊர். "ரோடு ஏன்தான் இவ்வளவு குறுகலோ!" என்று ஒரு முனகல். அதற்குள் ஊர் பின்னால் போய்விடும்.

முனகலில் நியாயம் இல்லாமல் இல்லை. 2011-ல் பக்கத்து மத்தளம்பாறைக்கு ஸோஹோ கம்பெனி வந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி ஜில்லாவாயிற்று. கலெக்டர் ஆபீஸ் வேலைக்குத் திருநெல்வேலி போனவர்கள் தென்காசிக்குத் திரும்பினார்கள். வெளியூர் பஸ், லாரி, பள்ளிக்கூட வேன், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் எல்லாவற்றுக்கும் வழி அந்த ஒரே சாலைதான்.

சரி, அகலப்படுத்த வேண்டுமா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? அதற்கு ஒரு கணக்கு உண்டு. வேடிக்கையான கணக்கு! இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட பட்டியலில், கார் ஒன்று என்றால் பஸ்ஸும் லாரியும் மூன்று; டிரெய்லர் பூட்டிய டிராக்டர் நாலரை; சைக்கிள் அரை; மாட்டு வண்டி எட்டு! மெள்ளப் போய்ப் பின்னால் வருகிறவர்களை மறிப்பதால் மாட்டுக்கு அத்தனை மரியாதை. இப்படிக் கூட்டிப் பார்த்து, சமவெளியில் இரு வழிச் சாலை நாளொன்றுக்கு 15,000 வரை தாங்கும் என்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் நடந்து போகிற பாட்டிக்கு எத்தனை தெரியுமா? ஒன்றுமே இல்லை. சைக்கிளுக்குக் கிடைத்த அரைகூட இல்லை. நடப்பவர்களுக்கென்று வேறு விதிகள் இருக்கின்றன. ஆனால் சாலையின் அகலத்தைத் தீர்மானிக்கும் கூட்டலில் அவர்களுக்கு இடமில்லை.

இதனால் என்ன வந்துவிடும் என்கிறீர்களா? வீட்டுக் கணக்குப் போடும் உங்களுக்கு இது சுலபம். இரு வழித் தார்ச் சாலை 7 மீட்டர். வினாடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் பாட்டி அதைக் கடக்க 7 வினாடி ஆகும். மணிக்கு 60 கிலோ மீட்டரில் வரும் கார் அதற்குள் 117 மீட்டர் ஓடிவிடும். இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் தார் போட்டு அகலமாக்கினால் 10 மீட்டர், 10 வினாடி. அகலத்தைக் கண்டதும் டிரைவர் 80-க்குப் போனால், 220 மீட்டருக்கு அப்பால் வரும் காரையும் பார்த்த பிறகுதான் பாட்டி காலை எடுத்து வைக்கலாம். கண்ணில் புரை விழுந்தவர் என்ன செய்வார்?

வடக்கே ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகப் போகும் திருநெல்வேலி - தென்காசி சாலையை, ஏறக்குறைய 45 கிலோ மீட்டர், உலக வங்கிக் கடனில் நான்கு வழியாக்கினார்கள். பிரயாணம் சுகம்தான், பழைய நிழல் மரங்கள்தான் போயின. அதே வைத்தியம் கடையம் கடைத் தெருவுக்கும் வேண்டுமா? என் அபிப்பிராயத்தில் வேண்டாம். லாரிகளை ஊருக்கு வெளியே திருப்பிவிடலாம். வயல் போகுமே என்றால் அதுவும் உண்மை; நஷ்டஈட்டைத் தாராளமாகத்தான் கொடுக்க வேண்டும். ஊருக்குள் 7 மீட்டரே போதும். இரு பக்கமும் நடைபாதை, கடக்கும் இடத்தில் நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு, வேகத்தை அடக்க ஏற்பாடு. திட்டு இருந்தால் பாட்டி ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளைப் பார்த்தால் போதுமே!

இன்னொன்று. வண்டிகளை வருஷத்துக்கு இரு முறை, ஏழு நாள், இரவு பகலாக எண்ண வேண்டும் என்பது விதி. ஒரு முறை அறுவடை மும்முரத்தில். கடையத்துக்கோ சாரல் சீசன் ஒன்று, கார்த்திகையில் சபரிமலை சீசன் ஒன்று. அந்த நாட்களை விட்டுவிட்டு எண்ணினால் கணக்கு எப்படிச் சரியாகும்?

அந்தப் பக்கத்து ஊர்களில் உங்கள் சித்தியோ நாத்தனாரோ இருந்தால், அடுத்த கடிதத்தில் இதையும் எழுதுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 தேதிகளில் கிராம சபை கூடும். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், கோயில் என்று பெண்கள் எங்கெங்கே சாலையைக் கடக்கிறார்கள், எந்த நேரத்தில், எத்தனை பேர் என்று ஒரு வாரம் எண்ணி எழுதி, தீர்மானமாக்கி நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அளவுக் கல் நடுவதற்கு முன்பே அது போய்ச் சேர வேண்டும்.