புதுப் பாட்டும் பழைய இரசிகரும்

கல்முனை, சவளக்கடைப் பகுதிகளிலே பொல்லடி பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அண்ணாவியார் பாட்டெடுக்க, சுற்றி நிற்போரின் கம்புகள் தாளம் பிசகாது மோதும். பாட்டு ஒருவர் வாயிலிருந்து வந்தாலும் அதன் சுவை அனைவராலும் பிறப்பது. அந்த வட்டத்திலிருந்து ஒருவர் பிரிந்து வந்து, தாமே இயற்றிய புதுப்பாடலைத் தனியே பாடினால் சபையோர் என்ன செய்வர்? “பழைய பாட்டைப் பாடும்” என்றுதான் பெரும்பாலோர் கேட்பர். இது நம்மூர் வழக்கம் மட்டுமன்று, உலகெங்கும் உள்ளதே.

இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரிலே தோன்றிய பீட்டில்ஸ் இசைக்குழுவினர் நால்வரையும் அறியாத மாணவர் இலர். 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததே அவர்களது கடைசிக் கட்டணக் கச்சேரி. 1970 இல் குழு கலைந்தது. நால்வரில் இளையவர் ஜோர்ஜ் ஹரிசன். இசைத்தட்டுகளில் பெரும்பாலான பாடல்கள் லெனன், மக்கார்ட்னி ஆகிய இருவருடையவையாதலால், ஹரிசனுக்குக் கிடைத்த இடம் சிறிது. பண்டிதர் ரவிசங்கரிடம் சித்தார் பயின்ற இவர், குழு கலைந்த ஆண்டிலேயே தேங்கிக் கிடந்த தம் பாடல்களைச் சேர்த்து மூன்று தட்டுகள் கொண்ட தொகுதியாக வெளியிட்டார்.

1971 ஆகஸ்ட் 1 அன்று, வங்க தேச அகதிகளின் துயர்துடைக்க ரவிசங்கரும் ஹரிசனும் நியூயோர்க் நகரில் இரு கச்சேரிகள் நடத்தினர். சபையோர் அவரை மனமுவந்து வரவேற்றனர். ஆனால், உண்மையான சோதனை மூன்றாண்டுகள் கழித்து வந்தது.

1974 நவம்பர் 2 அன்று கனடாவின் வான்கூவர் நகரில் தொடங்கி, டிசம்பர் 20 வரை வட அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஹரிசன் பாடினார். புதிய தொகுதியின் ஒலிப்பதிவையும் கச்சேரிக்கான ஒத்திகையையும் ஒருங்கே நடத்தியதால், தொடக்கத்திலேயே அவர் தொண்டை கட்டிவிட்டது. அத்தொகுதியோ டிசம்பர் மாதத்திலேதான் கடைகளுக்கு வந்தது. ஆகவே, முன்பு கேட்டறியாத பாடல்களைக் கரகரத்த குரலிலே சபையோர் கேட்க நேர்ந்தது. பீட்டில்ஸ் பாடல்கள் மிகச் சிலவே பாடப்பட்டன. அவற்றிலும் சொல்லையும் மெட்டையும் அவர் மாற்றியிருந்தார். பலர் ஏமாற்றமடைந்தனர், பத்திரிகைகள் கடிந்து எழுதின.

குற்றம் யாருடையது? எட்டாண்டுகள் காத்திருந்து காசு கொடுத்து வந்தவர்கள், தம் இளமை நினைவைத் தேடியது பிழையன்று. ஆயினும் கலைஞன் நினைவுச் சின்னமல்லன். நேற்றுப் பாடியதையே நாளும் பாடென்று அவனைக் கட்டாயப்படுத்துவது, வளர்ந்த பிள்ளைக்குச் சிறுவயதுச் சட்டையை மாட்டுவது போன்றதே.

அதே பயணத்தில் ரவிசங்கரின் இசைக்குழுவிலே வயலின் வாசித்தவர் ஒருவர் நமக்கு அணித்தானவர். அவரே எல். சுப்பிரமணியம். தந்தை வி. இலட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தமையால், அவர் அங்கேயே வளர்ந்தார். 1958 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னை சேர்ந்தது. சகோதரர்களான வைத்தியநாதன், சங்கர் ஆகியோருடன் மூவராய் மேடையேறியவர், பின்னர் தனிவழி கண்டார். 1985 இல் சூபின் மேத்தா நடத்திய நியூயோர்க் பில்ஹார்மொனிக் இசைக்குழுவுடன் தாம் இயற்றிய இசையை வாசித்தார். தம்பி சங்கரோ சக்தி என்னும் குழுவில் புகழ்பெற்று, 1978 இல் அது கலைந்தபின், பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினோடு தம் புதிய இசையை வளர்த்தார். மூவராய் இருந்தே காலங் கழித்திருந்தால் இவை நமக்குக் கிட்டியிருக்குமா?

ஹரிசன் 1974 க்குப் பின் மேற்கொண்ட பெரும் இசைப்பயணம் 1991 இல் யப்பானில் நடந்த ஒன்றே. 2001 நவம்பர் 29 அன்று அவர் மறைந்தார். அன்று அமெரிக்காவில் அவர் பாடியதைக் கேட்கும் வாய்ப்பு மீண்டும் வரவில்லை.

குழுவை விட்டுப் பிரிந்த கலைஞர் ஒருவர் நம்மூர் மேடைக்குப் புதுப்பாடலோடு வருவாராயின், முதலில் அதனை முழுதும் கேட்போம். பழையதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால், அவர் பாடி முடித்த பின்னரே அதனைக் கேட்பது அழகு.